கைமுதலும் மனமுதலும்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்தபின், குடும்பத் தலைவர் ஒருவர் குருமனைத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவருக்குப் பெண்ணாடத்தை அடுத்து ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அதுதான் குடும்பத்தின் ஒரே சொத்து. மகன் பட்டம் பெற்றவன். அரசுப் பணித் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறியவன். இப்போது மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க வேண்டும், செக்கும் இயந்திரமும் வாங்க நிலத்தை அடகு வைத்துப் பணம் தர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். தாய் அழுகிறாள், தந்தை உறங்கவில்லை. “சாமி, இவனுக்குத் தொழில் வருமா, வராதா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? குருமடத்தில் எனக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். எண்ணெய் ஆட்டக் கற்பிக்கவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டு அவரை அனுப்பி வைத்தேன். அந்த ஒரு வாரத்திலும் அதற்குப் பின்னும் இது குறித்துப் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் இக்கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி அன்று. நம் பங்குகளில் பத்து வீடுகளுக்கு ஒரு வீட்டிலாவது இன்று இது கேட்கப்படுகிறது.

தொழிலில் வெல்பவனுக்கு எத்தகைய குணங்கள் வேண்டும் என்பதை ஆராய்ந்து பார்த்தவர்களுள் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லேலண்ட் குறிப்பிடத்தக்கவர். நம் கோயில் திருவிழாக் கடைகளில் சோப்பு, சீப்பு, கண்ணாடி ஆகியவற்றைப் பரப்பி வைத்து, வளையம் எறியச் சொல்வார்கள் அல்லவா? ஏறத்தாழ அதே விளையாட்டை அவர் ஓர் ஆய்வாகவே நடத்தினார். தரையில் ஒரு முளை; கையில் வளையங்கள்; எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது அவரவர் விருப்பம். சிலர் முளைக்கு மிக அருகில் நின்று எளிதாக மாட்டினார்கள். சிலர் எட்டாத தொலைவில் நின்று, விழுந்தால் அதிர்ஷ்டம் என்று வீசினார்கள். செயலை முடித்துக் காட்டும் வேட்கை மிகுந்தவர்களோ இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்னும் தூரம் அது. தொழில் செய்பவனைச் சூதாடி என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஆனால் சூதாடி நிற்கும் இடம் வேறு, தொழில் செய்பவன் நிற்கும் இடம் வேறு என்பதை இவ்விளையாட்டு நன்கு உணர்த்துகிறது.

இக்குணம் பிறவியிலேயே வருவதா, பயிற்சியால் வருவதா? இதை அறிய அவர் தேர்ந்தெடுத்த ஊர் நமக்குத் தொலைவானது அன்று. ஆந்திரக் கடற்கரையில் உள்ள காக்கிநாடாதான் அவ்வூர். 1964-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையத்தின் துணையோடு, அவ்வூரின் சிறு வணிகர்கள், தொழில் செய்வோர் ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சில நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் பின்னர் புதிய தொழில்களைத் தொடங்கியதிலும், முதலீடு செய்ததிலும், ஆட்களுக்கு வேலை கொடுத்ததிலும் மற்றவர்களை விஞ்சி நின்றதை 1969-இல் வெளிவந்த நூலில் அவரும் அவருடைய உடன் ஆய்வாளரும் எடுத்துக் காட்டினார்கள். அவர்களுடைய சாதி, பழக்கவழக்கம், வழிபாடு எதுவும் இதற்குத் தடையாக இல்லை என்பதும் தெரிந்தது. “நம் இனத்துக்குத் தொழில் வராது, சாமி” என்று நம்மவர் சொல்லும்போதெல்லாம் எனக்குக் காக்கிநாடா நினைவுக்கு வருகிறது.

நற்செய்தியைப் படிக்கும் நமக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. தாலந்து உவமையை ஆண்டுதோறும் கேட்கிறோம். ஒரு தாலந்து என்பது சில்லறைக் காசு அன்று. ஏறத்தாழ ஆறாயிரம் நாள் கூலிக்குச் சமமான பெருந்தொகை. அதைப் பெற்ற மூன்றாம் ஊழியன் குடித்து அழிக்கவில்லை, திருடவும் இல்லை. பத்திரமாகப் புதைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அவன்மீது சுமத்தப்பட்ட குற்றம் அவனுடைய அச்சமும் சோம்பலுமே. பிள்ளைகளுக்கு இந்த உவமையை விளக்கும் பெற்றோரே, அதே பிள்ளை தாலந்தைப் புதைக்காமல் இருக்க முயலும்போது கலங்கிப் போகிறோம்!

1991 மே முதல் நாள் வெளியிட்ட சுற்றுமடலில் பாப்பிறை இரண்டாம் அருள் சின்னப்பர், தொழில் முயற்சிக்கு வேண்டிய நற்குணங்களை எடுத்துரைக்கிறார். உழைப்பு, ஊக்கம், நியாயமான அளவுக்குத் துணிந்து இறங்கும் விவேகம், பிறர் நம்பத்தக்க நேர்மை, கடினமான முடிவையும் நிறைவேற்றும் மனத்திடம் ஆகியவை அவற்றுள் சில. துணிவை அவர் விவேகத்தோடு சேர்த்துச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். பேராசிரியரின் வளையமும் பாப்பிறையின் மடலும் ஒரே தூரத்தைத்தான் சுட்டுகின்றன.

நிற்க. ஹார்வர்டும் உரோமையும் இருக்கட்டும். நம் மாவட்டத் தலைநகரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் வாழ்ந்தார். வேளாண்மையும் மருந்துப் பொருள் தொழிலும் செய்தவர். அக்காலத்தில் முகப்பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்தது. டப்பா வாங்க வசதி அற்றவர்க்குப் பவுடர் இல்லை. இவர் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சிறு பாக்கெட்டுகளில் விற்றார். பேதி உப்பு 100 கிராம் பொட்டலமாக விற்றபோது, ஒரு வேளைக்குப் போதும்படி 5 கிராம் பொட்டலம் போட்டார். தாம் செய்யும் பொருளைக் கூலி வேலை செய்பவரும் ரிக்ஷா இழுப்பவரும் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் எண்ணம். நீர்மப் பொருளையும் இவ்வாறு அடைத்து விற்கலாம் என்று கண்டவரும் அவரே. புட்டியில் மட்டும் அடைபட்டுப் பணக்காரர் குளியலறையில் இருந்த ஷாம்பூ, பெட்டிக்கடைக் கயிற்றில் சரம் சரமாகத் தொங்கியதற்கு விதை அவர் போட்டது.

ஏழையின் கையில் ஒரு நேரத்தில் எவ்வளவு காசு இருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நாம் ஏழைக்கு இரங்குகிறோம், காணிக்கை எடுக்கிறோம். அவனும் தன் காசைக் கொடுத்துத் தலைநிமிர்ந்து பொருள் வாங்க விரும்புகிறான் என்பதை எத்தனை பேர் உணர்கிறோம்? என்னைக் கேட்டால், தொழில் செய்பவனுக்கு வேண்டிய குணங்களுள் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

ஆயினும் சின்னிகிருஷ்ணன் பெருவெற்றி பெறவில்லை. ஒரு புதுமையைக் கண்டுபிடித்ததும் அடுத்த புதுமைக்குத் தாவிவிடுவாராம். கண்டதைச் சந்தையில் ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் பொறுமை அவருக்கு இல்லை. இதைச் சொன்னவர் பகைவர் அல்லர், அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன்தான். தந்தையின்மேல் அளவற்ற மதிப்பு வைத்திருந்தும் இந்தக் குறையை அவர் மறைக்கவில்லை.

இந்த மகனின் கதை நம் பெற்றோர் பலர் கேட்க வேண்டியது. உடன்பிறந்தோர் படிப்பில் கெட்டிக்காரர்கள். இருவர் மருத்துவர், ஒருவர் வழக்குரைஞர் ஆயினர். ரங்கநாதனுக்கோ படிப்பு ஏறவில்லை. மற்றவர்கள் ஆங்கில வழிப் பள்ளிக்குச் செல்ல, இவர் தமிழ் வழிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தாழ்வு மனப்பான்மையில் தாம் வெந்ததை அவரே பிற்காலத்தில் மனம் திறந்து கூறியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புச் சிறுவனாக இருந்தபோது அவரிடம் 500-க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தனவாம்! மீன்கள், பலவகைப் பறவைகள் வேறு. அவற்றை விற்றுத் தம் கைச்செலவுக்குத் தாமே சம்பாதித்துக் கொண்டார். ஐந்நூறு புறாக்களுக்கு நாள்தோறும் தீனியும் தண்ணீரும் வைத்து, நோய் பார்த்து, விலை பேசி விற்கும் சிறுவனைச் சோம்பேறி என்று எவர் சொல்வார்? மதிப்பெண் பட்டியலில் புறாவுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

அவர் கல்லூரியில் சேரும் பருவத்தில் தந்தை இறந்தார். சகோதரர்கள் தொழிலை ஏற்று ‘வெல்வெட்’ ஷாம்பூவை நடத்தினர். படிப்பு முடிந்து அங்கே சேர்ந்த ரங்கநாதனுக்கும் அவர்களுக்கும் கருத்து ஒத்துவரவில்லை. சொத்திலும் தொழிலிலும் தமக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். கையில் இருந்தது 15,000 ரூபாய். இது நடந்தது 1983-ஆம் ஆண்டில். கடலூரிலேயே மாதம் 250 ரூபாய் வாடகையில் வீடும் அலுவலகமுமாக ஓர் இடம். தொழிற்கூடத்துக்கு 300 ரூபாய் வாடகையில் இன்னோர் இடம். தந்தையின் பெயரைச் சுருக்கிச் ‘சிக்’ என்று தம் ஷாம்பூவுக்குப் பெயரிட்டார். குடும்பத்தோடு முரண்பட்டு வெளியேறிய மகன், பெயரில் தந்தையைச் சுமந்துகொண்டே போனது என் மனத்தைத் தொட்டது.

முதல் மாதம் விற்றவை 20,000 பாக்கெட்டுகள். இரண்டாம் ஆண்டில்தான் இலாபம் கண்ணில் பட்டது. தந்தையிடம் இல்லாத பொறுமை இங்கே மகனிடம் வெளிப்படுகிறது. கிராமங்களில் அன்று தலைக்குச் சோப்புப் போடுவதுதான் வழக்கம். அங்கே நேரில் சென்று, ஒரு சிறுவனை அமர்த்தி எல்லார் முன்னிலையிலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த ஷாம்பூவின் காலிப் பாக்கெட் ஆனாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். சில காலம் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டுமே என்று மாற்றினார்கள். மாதம் 35,000 பாக்கெட்டுகளாக இருந்த விற்பனை 12 இலட்சமாக உயர்ந்தது. பின்னர் மல்லிகை, ரோஜா மணங்களைச் சேர்த்தார்கள். நம் பெண்கள் தலையில் என்ன சூடுகிறார்கள் என்று கண் திறந்து பார்த்தவனுக்குத் தோன்றும் யோசனை அது. 1998-இல் அந்நிறுவனம் கெவின்கேர் எனப் பெயர் மாறியது. தமிழில் ‘கவின்’ என்றால் அழகு என்பதை வாசகர் அறிவர்.

இத்தனையிலும் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது வேறொரு செய்தி. தொடங்கி மூன்றாண்டுகள் வரை அவருக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. ஈடு காட்ட நிலமோ வீடோ இல்லை. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அதற்குப் பரிந்துரை எழுதிய மேலாளர், இவரிடம் ஈடாகக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் மற்றச் சிறுதொழில் நிறுவனங்களைப் போலன்றி இந்த நிறுவனம் வருமான வரி செலுத்துகிறது என்ற பொருள்பட விண்ணப்பத்தில் குறித்தாராம். எவரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக எழுதிய கணக்கு, நிலப்பத்திரம் நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது! வரி கட்டுவதைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசினால் நம் மக்கள் முகம் சுளிப்பார்கள். இந்தச் செய்தியைச் சொன்னபோது எங்கள் பங்குப் பேரவையில் வணிகர் இருவர் தனியே வந்து, அந்த வங்கி எது என்று கேட்டார்கள்.

புகழ்ந்து எழுதும்போது குறையை மறைப்பது முறையன்று. அந்தச் சிறு பாக்கெட் இன்று நம் சாக்கடைகளை அடைக்கிறது. பல அடுக்குப் பிளாஸ்டிக் தாளை மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவது எளிதன்று. திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வளாகத்தைப் பெருக்கும் இளைஞர்கள் கூடை கூடையாக அள்ளுகிறார்கள். இது ஒரு நிறுவனத்தின் பொறுப்பு மட்டும் அன்று. அவ்வழியைப் பின்பற்றிய பன்னாட்டு நிறுவனங்களுக்கும், வாங்கி எறியும் நமக்கும் பங்கு உண்டு. அடுத்து, முகத்தைச் சிவப்பாக்குவதாகச் சொல்லும் களிம்புகளை இந்நிறுவனமும் மற்ற நிறுவனங்களும் விற்றன. கருப்பு நிறத்தைக் குறை என்று நம் பெண் குழந்தைகள் நம்பும்படி செய்த வணிகத்தை என்னால் வாழ்த்த முடியவில்லை. ஏழைக்கு வேண்டியதை அறிந்து கொடுப்பது வேறு. இல்லாத குறையை உண்டாக்கி அதற்கு மருந்து விற்பது வேறு.

இனி, திண்ணையில் காத்திருக்கும் தந்தையிடம் வருவோம்.

அடுத்த வாரம் அவர் மகனையும் அழைத்து வந்தார். நான் மகனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். யார் வாங்குவார்கள்? ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவார்கள்? இதுவரை ஏதாவது விற்றிருக்கிறாயா? முதல் கேள்விக்கு, “எல்லாரும்” என்றான். மற்ற இரண்டுக்கும் விடை இல்லை. ஆனால் விருத்தாசலம் பகுதி மணிலாவைப் பற்றியும், ஒரு மூட்டையில் எவ்வளவு பருப்புத் தேறும், பருப்பின் ஈரப்பதம் எண்ணெயை எப்படிக் கெடுக்கும் என்பது பற்றியும் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசினான். தேர்வு விடைத்தாளில் இத்தனை வேகம் இருந்திருக்காது. தந்தை அவனை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலத்தை அடகு வைக்க வேண்டாம் என்றேன். அது எட்டாத தொலைவில் நின்று வளையம் எறிவது. தொழிலே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓராண்டுக்கு இயந்திரம் வாங்காதே. மணிலா வாங்கி, செக்கு வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஆட்டிக் கொடு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள். சிறு புட்டிகளில் விற்றுப் பார். ஒரு நோட்டில் நாள் தவறாமல் கணக்கு எழுது என்றேன். பிறகு வங்கிக் கடனுக்கு வழி உண்டு. 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறுபான்மையினர் சிறப்புப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். திட்ட மதிப்பில் 5 விழுக்காடு சொந்தப் பணம் போட்டால் போதும் என்றும், கிராமப் பகுதியில் 35 விழுக்காடு மானியம் என்றும் அதில் வகுக்கப்பட்டது. நடப்பு விதிகளைக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிவது நல்லது. கந்துவட்டிக்காரனிடம் மட்டும் போகாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த வாசலில் நுழைந்து நிலத்தோடு நிம்மதியையும் இழந்த குடும்பங்களை நான் அடக்கத் திருப்பலி வரை அறிந்திருக்கிறேன்.

புனித சின்னப்பர் கூடாரம் செய்து பிழைத்தவர் என்பதையும், பிலிப்பி நகரில் அவரைத் தம் வீட்டில் வரவேற்ற லீதியா செந்நிற ஆடை விற்ற வணிகப் பெண்மணி என்பதையும் தாயாரிடம் நினைவூட்டினேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “லீதியாவுக்கு நிலம் இருந்ததா, சாமி?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பையன் 100 மில்லி, 200 மில்லி புட்டிகளில் தொடங்கினான். ஒரு லிட்டர் வாங்க முடியாத வீடுகளில் 200 மில்லி வாங்கினார்கள். பிண்ணாக்கை மாடு வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். நான்காம் மாதத்தில் ஒரு சோதனை. மழை நாளில் வாங்கிய பருப்பு சரியாகக் காயாததால், ஒரு முறை ஆட்டிய எண்ணெயில் சிக்கு வாடை அடித்தது. அதற்குள் பதினொரு புட்டிகள் விற்றுவிட்டன. தந்தை, பேசாமல் இரு, அடுத்த முறை சரியாகக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள் என்றார். அவன் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் போய், புட்டியை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு வீட்டில் எண்ணெயைப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டிருந்தார்கள்; அங்கும் பணத்தை வைத்துவிட்டு வந்தான். அன்று தந்தைக்கும் மகனுக்கும் பெரும் வாக்குவாதம்.

ஓராண்டு முடிந்ததும் இருவரும் அந்தக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்கள். வரவும் செலவும் பார்த்தால் பெரிய இலாபம் ஒன்றும் இல்லை. கையை விட்டும் போகவில்லை. நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கையில் தந்தையே ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினார். ஐப்பசி மாதக் கணக்கு. ‘திருப்பிக் கொடுத்தது — 11 புட்டி’ என்று எழுதி, தொகையைச் செலவில் காட்டியிருந்தான். அந்த வரியின் கீழ் அவர் விரலை வைத்துக்கொண்டு, “இந்தப் பதினொரு வீடும் இப்போது வேறெங்கும் வாங்குவதில்லை, சாமி” என்றார். பிறகு, தொழில் மையத்துக்குப் போவதற்கு எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று மகன் எழுதி வைத்திருந்த பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.